கருகிய போர்டு

மெக்கானிக்குக்குத் தெரு வைத்த பெயர் ‘மாத்திடலாம்’. அவர் டீ குடிக்க வருவதைப் பார்த்தாலே, “மாத்திடலாம் வர்றார், பெஞ்சை உள்ள எடுத்துப் போடு, கால் ஆடுதுன்னு புதுசு வாங்க வெச்சிடுவார்” என்று பக்கத்துக் கடைக்காரர்கள் கிண்டலடிப்பார்கள். அவரும் கூடவே சிரிப்பார். சிரித்துவிட்டுக் கடைக்கு வந்து அதையேதான் செய்வார். ஃப்ரிட்ஜோ, வாஷிங் மெஷினோ, உள்ளே ஒரு ஒயர் விட்டுப்போயிருந்தால்கூடச் சர்க்யூட் போர்டையே மாற்ற வேண்டும் என்பார். ஆளுக்குப் பேராசை என்று ஊர் நினைத்தது. பேராசை கொஞ்சம் உண்டுதான், அதை அவர் மனைவியே மறுக்க மாட்டாள். ஆனால் ஆசையைவிட அவருக்குப் பயம்தான் பெரிது.

கடை போட்ட புதிதில் ஒரு வாஷிங் மெஷினைப் பற்றவைத்துச் சரிசெய்து அனுப்பினார். அது திரும்பி வந்தது. மறுபடி பற்றவைத்தார், மறுபடியும் வந்தது. கடைசியில் அதன் சொந்தக்காரர் நடுத்தெருவில் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, நீயெல்லாம் எதுக்குய்யா கடை வெச்சிருக்கே என்று கேட்டபோது, எதிர்வரிசைக் கடைகள் அத்தனையும் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தன. அன்றிலிருந்து ‘ரிட்டர்ன்’ என்ற வார்த்தை காதில் விழுந்தாலே மெக்கானிக்கின் முகம் வெளிறிவிடும். சரிசெய்வது என்பதையே விட்டுவிட்டார். முழுசாகக் கழற்று, புதுசாகப் போடு, ஆளை அனுப்பு. அவ்வளவுதான் அவர் தொழில்.

அந்தத் தொழிலில் பாதி அவருடைய மனைவியின் வாயில் இருந்தது. கல்லாவில் உட்காருவதும் போன் எடுப்பதும் அவள்தான். கஸ்டமரிடம் அவள் பேசும் விதத்துக்கு ஒரு முறை உண்டு. முதலில் ஒன்றும் சொல்லக் கூடாது. ஒரு பெருமூச்சு விட வேண்டும். முகத்தைக் கொஞ்சம் திருப்பிச் சுவரைப் பார்க்க வேண்டும். அப்புறம், நமக்கே மனசு கேட்கவில்லை என்கிற குரலில், “வேற வழியில்லங்க” என்று சொல்ல வேண்டும். பத்துக்கு எட்டுப் பேர் அதிலேயே தலையாட்டிவிடுவார்கள்.

மீதி இரண்டு பேருக்காகத்தான் மேஜை டிராயரில் அந்தப் போர்டு இருந்தது. எப்போதோ இடி விழுந்த வீட்டிலிருந்து வந்த மெஷினில் கழற்றியது. ஒரு மூலை கருகி, பச்சை நிறம் கரியாகியிருக்கும். பழைய பேப்பரில் சுற்றி வைத்திருப்பாள். எவராவது, “நிஜமாவே மாத்தணுமா?” என்று இழுத்தால், பேசாமல் அதை எடுத்து மேஜைமேல் வைத்துப் பேப்பரைப் பிரிப்பாள். உங்களுடையது என்று வாயால் சொல்ல மாட்டாள், பொய் சொன்ன பாவம் வேண்டாமே. அவர்களாகவே குனிந்து பார்த்து, அடப்பாவமே என்பார்கள். வாஷிங் மெஷினுக்கும் அதே போர்டுதான், ஃப்ரிட்ஜுக்கும் அதேதான். ஒருமுறை டிவிக்கும் அதையே காட்டினாள்.

அதைப் பார்த்தவர்கள் முகத்தில் துக்கத்தைவிட நிம்மதிதான் அதிகம் தெரியும். அது ஏனென்று வெகுநாள் அவளுக்குப் புரியாமல் இருந்தது.

இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டது குளிக்கும்போதுதான். புளியங்கொட்டை அளவு இருந்தது, வலியே இல்லை. வலிக்காததால் பயமில்லை என்று நினைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். முடிவு வரும்வரை கல்லாவில் உட்கார்ந்து, போன் அடிக்கும்போதெல்லாம் தூக்கிவாரிப்போட்டு எடுத்தாள். எடுத்தால் யாருடைய மெஷினோ தண்ணீர் ஒழுகுகிறது என்றிருக்கும். முடிவு தெரிவதற்கு முந்தைய அந்த நாட்களைத்தான் பின்னால் அவளால் மறக்க முடியவில்லை. கெட்ட செய்தி வந்தபிறகாவது அழ முடிந்தது. அதுவரை, அழுவதா, சமைப்பதா என்றே தெரியாமல் திரிந்தாள். வெளியூரில் படிக்கும் மகனுக்குப் பரீட்சை முடியும்வரை மூச்சு விடக் கூடாதென்று அண்ணி, அதாவது மெக்கானிக்கின் அக்கா, உத்தரவு போட்டிருந்ததால் அவனிடம் பேசும்போது சிரிக்கவும் வேண்டியிருந்தது.

கேன்சர்தான் என்று தெரிந்த அன்று அவளும் மெக்கானிக்கும் அண்ணியும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா விவரம் சொல்லத் தொடங்கும் நேரத்தில் நர்ஸ் வந்து இன்னும் ரத்தம் எடுக்க வேண்டுமென்று அவளைக் கூட்டிப்போய்விட்டாள். அவள் கையை மடக்கிக்கொண்டு பஞ்சை அழுத்தியபடி திரும்பி வந்தபோது உள்ளே பேச்சு முடிந்திருந்தது. வீட்ல கலந்து பேசிட்டு வாங்க என்று டாக்டரம்மா எழுந்துகொண்டார்.

காரிடாரில் மெக்கானிக் ஒன்றும் பேசவில்லை. லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்றார். ஒரு பெருமூச்சு விட்டார். முகத்தைத் திருப்பி, சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் படத்தைப் பார்த்தார்.

“வேற வழியில்லம்மா,” என்றார். “முழுசா எடுத்துடணும்.”

கடைக் குரல். அவள் வாயிலிருந்து ஆயிரம் தடவை வந்த அதே குரல், மூச்சும் இடைவெளியும் உட்பட. அந்தக் குரலுக்குப் பின்னால் எப்போதும் வேறொரு வழி இருக்கும் என்பது இந்த உலகத்தில் அவளைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

“சின்னதா எடுக்கிறது ஏதோ உண்டாமே,” என்றாள். பக்கத்து பெஞ்சில் யாரோ பேசியது காதில் விழுந்திருந்தது.

மெக்கானிக் அண்ணியைப் பார்த்தார். அண்ணி கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள்.

“இருக்கு,” என்றார். “கட்டியை மட்டும் எடுத்துட்டு ரேடியேஷன் கொடுக்கிறது. பேக்கரிக்காரர் சம்சாரம் அதைத்தான் பண்ணிக்கிட்டாங்க. சின்னதா எடுத்தாப் போதும்னு பிடிவாதம். திரும்ப வந்துடுச்சு. ஒரு வருஷம் தாங்கல.”

“எந்த பேக்கரி?”

“நம்ம பேக்கரிதான். ஊருக்கு அந்தக் கோடியில. உனக்குத் தெரியுமே, போன்ல பேசுவாங்களே.”

தெரியும். முகம் பார்த்ததில்லை, குரல் தெரியும். மாவுக் கையோடு போனை எடுத்துவிட்டு, “இருங்க, போனுக்கும் ரொட்டிக்கும் வித்தியாசம் தெரியல” என்று சிரிக்கும் குரல். மெக்கானிக் அவர்களுக்குப் புது ஃப்ரிட்ஜ் மாற்றிக் கொடுத்ததிலிருந்து ரிப்பேர் எதுவும் வரவில்லை, அந்தக் குரலும் வரவில்லை. வராததற்குக் காரணம் இதுதானா என்று நினைத்தாள். அங்கேயே உட்கார்ந்து, தனக்காக வராத அழுகையை அந்தப் பெண்ணுக்காக அழுதாள். குரலின் மேல் வந்த சந்தேகம் அந்த அழுகையில் கரைந்துபோனது.

வீட்டில் அண்ணி மீதியைப் பார்த்துக்கொண்டாள். நாற்பத்தைந்து வயதில் அது இருந்தால் என்ன, போனால் என்ன, இனிமேல் யாருக்குப் பால் கொடுக்கப் போகிறாய் என்று கேட்டாள். மாதம் தவறாமல் தலைக்குச் சாயம் பூசிக்கொள்ளும் அண்ணி கேட்ட கேள்வி அது. அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் உனக்கு உயிர் பெரிசா அழகு பெரிசா என்று அண்ணி அடுத்துக் கேட்டதும், அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. உயிர்தான் பெரிசு என்றாள். இப்படிக் கேட்டால் வேறு என்ன சொல்ல முடியும்?

உண்மையில் அவளுக்குத் தன் உடம்பு பிடிக்கும். அதை யாரிடமும் சொன்னதில்லை, சொல்லிக்கொள்கிற விஷயமும் இல்லை. முகம் சுமார்தான், முடியும் கொட்டிவிட்டது. ஆனால் குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நிற்கும்போது, கழுத்துக்குக் கீழே பரவாயில்லை என்று ஒரு நொடி தோன்றும். அந்த ஒரு நொடியை அவள் இருபது வருடமாகத் தினமும் சாப்பிட்டு வந்தாள். ஆபரேஷனுக்கு முந்தின காலையில் கண்ணாடி முன் நின்றபோது, போகாதே என்று சொல்லத் தோன்றியது. யாராவது கேட்டால் சிரிப்பார்கள் என்று சொல்லாமல் துணியைப் போட்டுக்கொண்டாள்.

அதற்கு முன் டாக்டரம்மா அவளைத் தனியாக ஒருமுறை கூப்பிட்டுப் பேசினார். அதற்காகத்தான் அவளால் தன்னை மன்னிக்க முடியவில்லை.

ரெண்டு வழியையும் வீட்டில் சொன்னார்கள்தானே என்று டாக்டரம்மா கேட்டார். சொன்னார்கள் என்றாள். முழுசாக எடுப்பது உங்கள் முடிவுதானா என்று கேட்டார். ஆமாம் என்றாள். டாக்டரம்மா பேனாவை வைக்கவில்லை. ஒரு வெள்ளைக் காகிதத்தை இழுத்து, அதில் ஒரு வட்டம் போட்டு, எதற்கும் நான் இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன் என்று தொடங்கினார். சின்ன ஆபரேஷனில் திரும்ப வருவதற்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் என்று சொல்லி அந்த வட்டத்துக்குள் இன்னொரு சின்ன வட்டம் போட்டார்.

அந்த ‘ஆனால்’ காதில் விழுந்ததும் அவள் காகிதத்திலிருந்து கண்ணை விலக்கினாள். அதற்குப் பின்னால் வருவதைக் கேட்டால், முடிவு தன் மடியில் வந்து விழும். தான் தேர்ந்தெடுத்து, நாளைக்குத் திரும்ப வந்துவிட்டால், அண்ணி சும்மா விடுவாளா? அவரே விடுவாரா? தன் மனசாட்சிதான் விடுமா? வேறு வழியில்லை என்பதில் எத்தனை சௌகரியம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. கருகிய போர்டைப் பார்த்தவர்கள் முகத்தில் வந்த நிம்மதி இதுதான். இனி யோசிக்க வேண்டாம் என்கிற நிம்மதி.

“முடிவு பண்ணிட்டோம் டாக்டர்,” என்றாள்.

வெளியே வரிசை காத்திருந்தது. டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டார்.

எடுத்தார்கள். இதை நீட்டி முழக்க ஒன்றுமில்லை. மயக்கம் தெளிந்தபோது நெஞ்சில் இறுக்கமான கட்டும், விலாவிலிருந்து ஒரு குழாயும் இருந்தன. ஆஸ்பத்திரியில் இருந்தவரை மெக்கானிக் தினமும் காலையில் ரொட்டி கொண்டுவந்தார். ஓரம் வெட்டிய, பஞ்சு மாதிரி ரொட்டி. வாசலில் ஒரு கடையில் கிடைக்கிறது என்றார். பாலில் நனைத்து அதை மட்டும்தான் அவளால் விழுங்க முடிந்தது. சாப்பிடும்போதெல்லாம் பேக்கரிக்கார அம்மாவை நினைத்துக்கொள்வாள். அவரும் இதே மாதிரி ஒரு கட்டிலில் படுத்திருப்பார், சின்னதாக எடுத்தால் போதும் என்று நம்பியிருப்பார், பாவம். அவர் செய்த தப்பை நான் செய்யவில்லை என்று தனக்குத்தானே சொல்லித் தேற்றிக்கொள்வாள். இன்னொருத்தி சாவில் இப்படி ஆறுதல் தேடுகிறோமே என்று கூசும். கூசினாலும் தேடினாள்.

கட்டைப் பிரித்த அன்று மெக்கானிக் கூடவே இருந்தார். நர்ஸ் கடைசித் துணியை எடுத்தபோது அவர் காலண்டரில் தேதி பார்த்தார். அவள் குனிந்து பார்த்தாள். மேடாக இருந்த இடம் தட்டையாக இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. தோலை இழுத்துத் தைத்திருந்ததில் ஒரு பக்கம் சுருங்கி, மூட்டை கட்டியது போல இருந்தது. நன்றாக ஆறியிருக்கிறது என்று நர்ஸ் பாராட்டினாள். மெக்கானிக் காலண்டரைப் பார்த்தபடியே, ரொம்ப நல்லது என்றார். அண்ணி பஞ்சு வைத்த உள்ளாடை ஒன்று வாங்கி வந்து போட்டுவிட்டு, தூர நின்று பார்த்து, வெளியே ஒன்றுமே தெரியவில்லை, அப்படியே புதுசு மாதிரி இருக்கிறது என்றாள்.

ரிப்போர்ட் வந்தது. கட்டி சின்னதுதான், அக்குளில் எடுத்த நெறிக்கட்டிகள் எல்லாம் சுத்தம், மாத்திரை போதும் என்றார் டாக்டரம்மா. மெக்கானிக் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

“பாத்தியா? முழுசா எடுத்ததால தப்பிச்ச.”

டாக்டரம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். “அப்படிச் சொல்ல முடியாதுங்க. ரெண்டுல எதைப் பண்ணியிருந்தாலும் ஆயுசுல வித்தியாசமில்லன்னு அன்னிக்கே உங்ககிட்ட சொன்னேனே.”

மெக்கானிக் சுவரைப் பார்த்தார். அவள் மெக்கானிக்கைப் பார்த்தாள். அந்த ‘ஆனால்’ இப்போது முழுசாகக் காதில் விழுந்துவிட்டது. கேட்டு என்ன பயன்?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டிக்கொள்ளச் சொன்னார் டாக்டரம்மா. மெக்கானிக்குக்கு அது விளங்கவில்லை. முழுசாக எடுத்தாகிவிட்டதே, இன்னும் எதைக் காட்டுவது என்று கேட்டார்.

“திரும்ப வராதுன்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க. பார்த்துக்கிட்டே இருக்கணும். அவ்வளவுதான்.”

முழுசாக மாற்றியபிறகும் ரிட்டர்ன் வரக்கூடும் என்று ஒருவர் நேருக்கு நேர் சொன்னது மெக்கானிக்கின் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வழியெல்லாம் டாக்டரம்மாவுக்குத் தொழில் தெரியாது என்று பொருமிக்கொண்டு வந்தார். அவரைத் திட்டுவதற்கு அவள் வாய்வரை வந்த வார்த்தைகளைப் பேக்கரிக்கார அம்மா தடுத்துக்கொண்டிருந்தார். என்னதான் டாக்டர் சொன்னாலும், கண்ணெதிரே ஒருத்தி செத்திருக்கிறாளே. அதைப் பார்த்தவர் பயந்துபோய்த்தானே மறைத்திருப்பார்? என்மேல் உள்ள ஆசையில்தானே? செத்துப்போன அந்த அம்மாவைப் பிடித்துக்கொண்டுதான் அவள் புருஷனோடு ஒரே வீட்டில் இருந்தாள்.

மறுபடி கடைக்கு வரத் தொடங்கிய பிறகு, கூட்டமில்லாத ஒரு மத்தியானம். மெக்கானிக் பின்கட்டில் எதையோ கழற்றிக்கொண்டிருந்தார். வாசலில் ஆட்டோ நின்றது. தடித்த, முகமெல்லாம் வியர்த்த ஒரு பெண்மணி, கேக் சுடும் சின்ன மின் அடுப்பு ஒன்றை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு படியேறி வந்து மேஜைமேல் தொப்பென்று வைத்தார்.

“அப்பாடா. குழந்தையைத் தூக்கினாக்கூட இவ்வளவு கனமில்ல. சூடே ஏற மாட்டேங்குது, பாருங்க. பேக்கரியில நூறு கேக்கு நிக்குது.”

அந்தக் குரல்.

அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பேக்கரி என்று கேட்டாள்.

“என்னம்மா, என்னைத் தெரியலையா? போன்ல எத்தனை தடவை பேசியிருக்கோம். அது சரி, முகம் பார்த்ததில்லையே. ஆமா, உடம்பு தேவலையா? குடல்வால் ஆபரேஷனாமே? உங்க வீட்டுக்காரர் சொன்னார்.”

“குடல்வாலா?”

“தினமும் காலையில வந்து ரொட்டி வாங்கிட்டுப் போவாரே. ஆஸ்பத்திரியில இருக்கிறவங்களுக்கு ஓரம் தொண்டையில குத்தும்னு நான்தான் என் கையால வெட்டிக் கட்டிக் கொடுப்பேன். சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேன்,” என்றாள். “எல்லாம் சாப்பிட்டேன்.”

“இப்ப எப்படியிருக்கு?”

“முழுசா எடுத்துட்டாங்க.”

“குடல்வால்னா முழுசாத்தான் எடுப்பாங்க. வேற வழியில்ல,” என்று பேக்கரிக்கார அம்மா ஆறுதலாக அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முந்திக்கொண்டு தன் கதையைத் தொடங்கினார். ஆபரேஷன் என்று பேச்சு வந்தால் தன் ஆபரேஷனைச் சொல்லாமல் போகிற மனுஷி உண்டா? தனக்கும் ஆனது, மார்பில் கட்டி, கேன்சரேதான், ஏழெட்டு வருஷம் இருக்கும். அப்போது தன் வீட்டுக்காரர், மொத்தமாக எடுத்துவிடலாம் என்று ஒற்றைக் காலில் நின்றாராம்.

“எனக்கு வந்ததா, அவருக்கு வந்ததா? டாக்டர்கிட்ட போய் நானே கேட்டேன். பேப்பர்ல வட்டம் வட்டமாப் போட்டுக் காட்டினாங்க. ரெண்டும் ஒண்ணுதான்னாங்க. அப்புறம் எதுக்கு முழுசா கொடுக்கணும்? சின்னதா எடுத்துட்டு ரேடியேஷன் கொடுத்தாங்க. இதோ உங்க முன்னாடி குண்டுக்கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கேன்.”

“திரும்ப வரலையா?” என்று கேட்டாள்.

“இதுவரைக்கும் வரல. வந்தா அப்பப் பார்த்துக்கலாம். அதுக்காக இப்பவே உட்கார்ந்து அழ முடியுமா?”

அவள் கண் தன்னையறியாமல் அந்த அம்மாவின் நெஞ்சுக்குப் போனது. மாவு படிந்த துணிக்குக் கீழே இரண்டும் இருந்தன. ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அவளுக்கு வந்தது சந்தோஷமில்லை. உயிரோடிருக்கிறாரே என்று ஒரு துளிகூட மகிழவில்லை. செத்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள். இந்த அம்மா நிஜமாகவே செத்திருந்தால் தன் வீடு தப்பித்திருக்கும். அந்த நினைப்பைப் பார்த்து அவளே பயந்துபோனாள்.

டிராயரில் இருக்கும் போர்டை எத்தனையோ பேருக்குக் காட்டியாகிவிட்டது. அது இடி விழுந்த வீட்டிலிருந்து வந்தது, அந்த வீட்டுக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றுகூட யாருக்கும் தெரியாது. மெக்கானிக்குக்கு அவசரத்தில் கைக்கு அகப்பட்டது பேக்கரிக்கார அம்மா. அவரையே கரியாக்கிப் பேப்பரில் சுற்றிக் காட்டிவிட்டார். அதற்குப் பிறகும் தினமும் அவர் முன் போய் நின்று, அவர் கையால் ரொட்டி வாங்கி வந்திருக்கிறார்.

பின்கட்டுத் திரை விலகியது. மெக்கானிக் திருப்புளியைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தார். துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

“வாங்கம்மா,” என்றார்.

அவர் மனைவி அவரைப் பார்த்தாள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அடுப்பை அவர் பக்கம் நகர்த்தி, சூடு ஏறவில்லையாம், என்னவென்று பாருங்கள் என்றாள். அவர் நின்ற இடத்திலேயே குனிந்து மூடியைக் கழற்றினார். நான்கு திருகாணியில் இரண்டைக் கீழே போட்டு எடுத்தார். உள்ளே பார்க்க ஒன்றுமில்லை. ஃபியூஸ் போயிருந்தது. கல்லாவிலிருந்தே அவளுக்குத் தெரிந்தது.

அவள் டிராயரைத் திறந்தாள். போர்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பேப்பரை மெதுவாகப் பிரித்தாள். கருகிய மூலை அவரைப் பார்த்து இருந்தது.

“மாத்தணுமா?” என்று கேட்டாள்.

“வேண்டாம்,” என்றார் மெக்கானிக். “ஃபியூஸ்தான். சின்ன வேலை.”

“சின்னதா பண்ணினா திரும்ப வந்துடாதா?”

மெக்கானிக் அடுப்புக்குள் பார்த்தார். அவர் காதுகள் சிவந்திருந்தன. பேக்கரிக்கார அம்மாதான் சிரித்தார்.

“வந்தா மறுபடி தூக்கிட்டு வரேன். இதுக்கென்ன இப்போ?”

பல வருஷங்களில் முதல்முறையாக மெக்கானிக் ஒரு பொருளைச் சரிசெய்து கொடுத்தார். அடுப்பு சூடேறியது. பேக்கரிக்கார அம்மா ரொம்ப சந்தோஷப்பட்டு, பையிலிருந்து ஒரு ரொட்டிப் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்தார். இனி ஓரத்தோடேயே சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போனார்.

மெக்கானிக் காத்திருந்தார். மனைவி இப்போது கத்துவாள், தூக்கி எறிவாள், ஊரைக் கூட்டுவாள் என்று மேஜைக்கு அந்தப் பக்கம் குனிந்த தலையோடு நின்றார். சட்டையைப் பிடிப்பாள் என்றுகூட எதிர்பார்த்திருப்பார். அவள் எழுந்து பொட்டலத்தைப் பிரித்து, ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டு மென்றாள். அதே ரொட்டிதான்.

கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் அழுவார். பயத்தில் சொல்லிவிட்டேன் என்பார். அதுவும் நிஜமாகத்தான் இருக்கும். அண்ணி வந்து, எல்லாம் உன் நல்லதுக்குத்தானே என்பாள். அவளும் அழுவாள். ஒரு வாரத்தில் எல்லாம் ஆறி, தைத்த தோல் போல மூடிக்கொள்ளும். அவருக்கு முடிவு தெரிந்துவிடும், நிம்மதியாகத் தூங்குவார். முடிவு தெரியாத நாட்கள் எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். போன் அடித்தால் உடம்பு தூக்கிவாரிப்போடும். சாப்பாடு இறங்காது. அதை அவருக்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. அதைவிடப் பொருத்தமாகக் கொடுக்க அவளிடம் வேறொன்றும் இல்லை.

அந்தப் போர்டை அவள் திரும்ப டிராயரில் வைக்கவில்லை. மேஜைமேலேயே, வந்தவர் எல்லாரும் பார்க்கும்படி, நிமிர்த்தி வைத்தாள். காலையில் கடை திறந்ததும் அதைத் துடைப்பாள். எதற்கு இது என்று யாராவது கேட்டால் சும்மா என்பாள். மெக்கானிக் சாப்பிட உட்கார்ந்தால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். அவள், ஏங்க, என்று கூப்பிட்டால் கையில் இருப்பதைக் கீழே போடுவார். உப்பு வேணுமா என்று கேட்பாள். அண்ணியிடம்கூட அவர் இளைத்துவிட்டாரே என்று அவளே கவலைப்பட்டாள். அப்படிக் கவலைப்படும்போது கொஞ்சம் நிஜமான கவலையும் இருந்தது, அதற்காக அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம், ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு, மெக்கானிக் தாங்க முடியாமல் மேஜை முன் வந்து நின்றார்.

“கேட்டுடேன்,” என்றார்.

“என்னத்தை?”

“எதுவா இருந்தாலும் கேட்டுடு. திட்டிடு. என்னால முடியல.”

அவள் போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்து, இருந்த இடத்தில் வைத்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள். முகத்தைக் கொஞ்சம் திருப்பிச் சுவரைப் பார்த்தாள்.

“இப்போதைக்கு ஒண்ணுமில்லங்க,” என்றாள். “மூணு மாசத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கலாம். வராதுன்னு யாராலயும் சொல்ல முடியாது.”

போன் அடித்தது. மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் எடுத்து, “சொல்லுங்க” என்றாள்.